சுற்றுலாப் பட்டியலும் விடுபட்ட பெயர்களும்: பழவேற்காட்டில் நெதர்லாந்தின் எச்சங்கள்

ஆய்வுச்சுருக்கம்

ஒல்லாந்தர் தொடர்பான எச்சங்களைக் காண்பதற்காகப் பழவேற்காட்டிற்கு வருவோரிடம் கோட்டை, கல்லறைத் தோட்டம் என்னும் இரண்டு இடங்களே முதன்மையாகக் காட்டப்படுகின்றன. இத்தெரிவு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய அளவையாளர்கள் தொகுத்த நினைவுச்சின்னப் பட்டியல்களின் வழி வந்தது. கல்லில் பெயர் பொறிக்கப்பட்டோர் மட்டுமே அப்பட்டியல்களில் இடம்பெற்றனர். ஆகவே நெசவாளர், வணிகர், அடிமைகளாக ஏற்றுமதி செய்யப்பட்டோர், சுண்ணாம்பு சுட்டோர் ஆகியோர் பார்வையிடத்தக்க வரலாற்றிலிருந்து விலக்கப்பட்டனர் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, கெல்டிரியாக் கோட்டை, ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினி, அடிமை வணிகம், சுண்ணாம்புக்குளம், நினைவுச்சின்னங்கள்

முன்னுரை

நெதர்லாந்து ஏறத்தாழ 41,500 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சிறிய நாடு. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. அந்நாட்டிற்குச் செல்லும் பயணிகள் கிண்டர்டைக்கின் காற்றாலைகளையும், கொய்கன்ஹோஃப் தோட்டத்தின் டியூலிப் மலர்களையும், ஆம்ஸ்டர்டாம் நகரின் கால்வாய் வளையத்தையும் கண்டு மீள்கின்றனர். இவற்றுள் கால்வாய் வளையம் 2010ஆம் ஆண்டில் உலக மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதனை வெட்டும் பணி 1613இல் தொடங்கியது. அதே 1613இல்தான் சோழமண்டலக் கரையில், பழவேற்காட்டில், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினி கெல்டிரியாக் கோட்டையை எழுப்பியது. ஆண்டு ஒத்துப்போனது தற்செயல். ஆனால் கால்வாய்க் கரை மாளிகைகளில் குடியேறிய செல்வத்தில் ஒரு பகுதி, சோழமண்டலத் துணியைக் கொண்டு ஆசியக் கடல்களில் நடந்த வணிகத்திலிருந்து வந்தது என்பது தற்செயலன்று.

அக்கோட்டை இன்று மண்மேடும் முட்புதரும் அகழியின் சுவடுமாகக் கிடக்கிறது. அதற்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதே ஏரியின் மேற்குக் கரையில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிச் சுண்ணாம்புக்குளம் என்னும் ஊர் உள்ளது. ஏரியின் வரலாற்றை அவ்வூரின் பெயரிலிருந்து படிக்கத் தொடங்கினால் கிடைக்கும் காட்சி ஒன்று. கல்லறைத் தோட்டத்தின் வாயிலிலிருந்து படிக்கத் தொடங்கினால் கிடைக்கும் காட்சி வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

துறைமுகமும் கோட்டையும்

பழவேற்காடு ஒல்லாந்தரால் உருவான ஊரன்று. விசயநகரப் பேரரசின் காலத்திலேயே அது மலாக்காவுடனும் பெகுவுடனும் வணிகத் தொடர்பு கொண்ட துறைமுகமாக விளங்கியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரைகளைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா, இத்துறையின் துணி வணிகத்தையும் மாணிக்கக் கல் வணிகத்தையும் குறித்துள்ளார். இங்கு நிலைகொண்டிருந்த இசுலாமிய வணிகரும் தெலுங்குச் செட்டிகளும் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே கடலை அறிந்தவர்கள்.

1610இல் விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதிராயர் அளித்த இசைவின்பேரில் ஒல்லாந்தர் இங்குப் பண்டகசாலை அமைத்தனர். மயிலாப்பூரைச் சார்ந்த சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612இல் அதனைத் தாக்கி அழித்தனர். அதற்கு விடையாகவே கோட்டை எழுந்தது. வெம்மர் வான் பெர்கெம் என்னும் அதிகாரி, தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்குச் சூட்டினார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை சோழமண்டலத்தின் ஒல்லாந்து ஆட்சி இங்கிருந்தே நடந்தது. கோட்டைச் சூழலில் நாணயச்சாலை இயங்கியது. வெடிமருந்து ஆலையும் இயங்கியது. இங்கு உருவான வெடிமருந்து பத்தாவியா உள்ளிட்ட கும்பினியின் பிற நிலையங்களுக்கு அனுப்பப்பட்டது. பின்னாளில் 1781இலும் 1795இலும் ஆங்கிலேயர் பழவேற்காட்டைக் கைப்பற்றினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை இடிக்கப்பட்டது. 1824ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி 1825இல் ஊர் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

பட்டியல் பிறந்த விதம்

கோட்டை மறைந்த பின்னும் கல்லறைகள் எஞ்சின. அவற்றை முறையாக அளந்து வரைந்து வெளியிட்டவர் தொல்லியல் அளவையாளர் அலெக்சாண்டர் ரே. சென்னை மாகாணத்தில் உள்ள ஒல்லாந்துக் கும்பினியின் நினைவுக் கட்டடங்கள் குறித்த அவருடைய நூல் 1897இல் வெளிவந்தது. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் முதலிய இடங்களின் கல்லறைகளும் கோட்டைகளும் அந்நூலில் இடம்பெற்றன. அடுத்து, மாகாணம் முழுவதிலும் உள்ள கல்லறைக் கல்வெட்டுகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் தொகுத்து வெளியிட்டார்.

இவ்விரு நூல்களும் இன்றி ஒல்லாந்துக் கல்லறைகளை ஆராய்வது அரிது. அவற்றின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. எனினும் அவை எதனைத் தேடின என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய மொழியில் பெயர் பொறித்த கல்லையே அவை தேடின. மாகாணத்தை ஆண்ட ஆங்கிலேயருக்குத் தம்முன் இங்கு வாணிகம் செய்த ஐரோப்பியரின் நினைவு, தம் வரலாற்றின் முன்னுரையாகவே தோன்றியது. கல்லில் பெயர் இல்லாதவர்க்கு அந்த முன்னுரையில் வரியில்லை. 1904ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும், விடுதலைக்குப் பின் வந்த 1958ஆம் ஆண்டின் சட்டமும் சின்னங்களுக்குக் காவல் அளித்தன. எது சின்னம் என்பதைப் பற்றிய பழைய கணிப்பைப் பெரிதும் மாற்றவில்லை. இன்றைய சுற்றுலாக் கையேடுகள் அப்பட்டியலோடு கலங்கரை விளக்கத்தையும் பூநாரைகளையும் சேர்த்துக்கொண்டன. ஆகவே பழவேற்காட்டில் ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ எனப்படுவது இயல்பாக அமைந்த ஒன்றன்று. அது தொகுத்தவரின் நோக்கத்தைத் தாங்கி நிற்கும் வரலாற்று ஆவணம். அதனையும் பிற ஆவணங்களைப் போலவே ஐயத்துடன் படிக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டம் காட்டுவது

கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் மணற்கடிகை காணப்படுகிறது. வாழ்நாள் வடிந்துபோவதை நினைவூட்டும் இவ்வகை உருவங்கள் 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியத்திலும் சிற்பத்திலும் மிகப் பரவலானவை. உள்ளே குலச்சின்னங்கள் செதுக்கிய பலகைக்கற்களும், ஊசித்தூண் வடிவிலும் மண்டப வடிவிலும் எழுந்த செங்கற் கட்டடங்களும் உள்ளன. எழுத்துகளின் வளைவும் பூவேலையின் நுட்பமும் தேர்ந்த கல்தச்சரின் கைத்திறனைக் காட்டுகின்றன. இறந்தவர்களின் பதவி, பிறந்த ஊர், இறந்த நாள், சில வேளைகளில் வயதின் ஆண்டும் மாதமும் கூடப் பொறிக்கப்பட்டுள்ளன. குழந்தைகளுக்கும் கல் உண்டு. தொலைவிலிருந்து வந்து வெப்பத்திலும் நோயிலும் மாண்டவர்களின் துயரம் உண்மையானது. அக்கற்களின்முன் நிற்பவர் அதனை உணராமல் இருக்க இயலாது.

அத்தோட்டத்தில் கல் இல்லாவிட்டாலும் பழவேற்காட்டோடு பெயர் பிணைந்த ஒருவரை இங்குக் குறிப்பிட வேண்டும். ஆபிரகாம் ரொகேரியுஸ் என்னும் சமயகுரு 1630களில் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் இங்குப் பணியாற்றினார். பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு அவர் எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1651இல் லெய்டனில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் வடமொழிப் பாடல்கள் அந்நூலின் வழியே முதன்முதலாக ஐரோப்பிய மொழி ஒன்றில் வெளிவந்தன. இந்தியவியலின் தொடக்கங்களுள் ஒன்று பழவேற்காட்டில் நடந்த உரையாடல் எனலாம். ரொகேரியுஸ் பத்மநாபனின் பெயரைப் பதிவு செய்தார் என்பது கவனத்திற்குரியது. கும்பினியின் உலகில் உள்ளூர் மனிதர் ஒருவர் பெயரோடு நினைக்கப்பட்ட அரிய இடங்களுள் அது ஒன்று.

துணியின் வழி

கும்பினி பழவேற்காட்டை நாடியதற்குக் காரணம் துணி. மலுக்குத் தீவுகளிலும் பண்டாத் தீவுகளிலும் விளைந்த கிராம்பையும் சாதிக்காயையும் வாங்க ஐரோப்பியரிடம் ஏற்ற சரக்கு இல்லை. அத்தீவு மக்கள் விரும்பியது சோழமண்டலத்தின் வண்ணத் துணிகளை. கும்பினியின் அதிகாரி ஹெண்ட்ரிக் பிரவுவர் இக்கரையை மலுக்குத் தீவுகளின் இடக்கை என உருவகப்படுத்தியதும் இது பற்றியே. பொன்னும் வெள்ளியும் செம்பும் இங்கு வந்து துணியாக மாறின; துணி கிழக்கே சென்று நறுமணப் பொருளாக மாறியது; நறுமணப் பொருள் ஆம்ஸ்டர்டாமில் பணமாயிற்று.

இந்தச் சுழற்சி நெசவாளனிடம் தொடங்கியது. கும்பினி உள்ளூர் வணிகர்களுக்கு முன்பணம் கொடுத்தது. வணிகர் அதனை நெசவூர்களில் பகிர்ந்து துணியைப் பெற்றனர். சாயவேரிலிருந்து செந்நிறம் எடுத்தவரும், எழுதுகோலாலும் அச்சுக்கட்டையாலும் துணியில் உரு வரைந்தவரும் இவ்வலையில் இருந்தனர். மலயா, சின்னண்ணா முதலிய செட்டி வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒல்லாந்தருக்குத் துணி திரட்டித் தந்ததோடு, சொந்தக் கப்பல்களும் அரசியற் செல்வாக்கும் உடையவராகத் திகழ்ந்தனர். தபன் ராய்சௌதுரியின் 1962ஆம் ஆண்டு நூலும், யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம் 1986இல் வெளியிட்ட நூலும் இவ்வணிக உலகை விரிவாக ஆராய்ந்துள்ளன. ஆயினும் சுற்றுலாப் பயணிக்குக் காட்டப்படும் பழவேற்காட்டில் ஒரு செட்டிக்கும் இடமில்லை. ஒரு தறிக்கும் இடமில்லை.

துணியின் நினைவு கல்லில் இல்லாமல் சொல்லில் எஞ்சியது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆடவர் உடுக்கும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிக்கட்’ என்று பெயர். பழவேற்காட்டின் பெயரே ‘பெலிக்கட்’ ஆனது. எந்தக் காவல் சட்டமும் இன்றி, நூற்றாண்டுகளாக நாள்தோறும் உடுக்கப்பட்டு வரும் நினைவுச்சின்னம் இது.

ஏற்றுமதி செய்யப்பட்ட மனிதர்கள்

துணி சென்ற கப்பல்களிலேயே மனிதரும் சென்றனர். 1619இல் யான் பீட்டர்சூன் கூன் பத்தாவியாவை நிறுவினார். 1621இல் அவர் தலைமையில் பண்டாத் தீவுகள் கைப்பற்றப்பட்டு, அத்தீவின் மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர் அல்லது துரத்தப்பட்டனர். புதிய நகரத்திற்கும் ஆளில்லாத சாதிக்காய்த் தோட்டங்களுக்கும் உழைப்பாளிகள் தேவைப்பட்டனர். அதே ஆண்டுகளில் சோழமண்டலம் 1618 முதல் 1620 வரை நீடித்த பஞ்சத்தில் துவண்டிருந்தது. பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்களைப் பழவேற்காட்டிலும் தேவனாம்பட்டினத்திலும் கும்பினி வாங்கியது.

மார்கஸ் விங்க் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஏற்றுமதி ஆண்டுதோறும் ஒரே சீராக நடக்கவில்லை என்பதை விளக்குகிறது. பஞ்சமோ போரோ நேர்ந்த ஆண்டுகளில் அது திடீரெனப் பெருகியது. 1659 முதல் 1661 வரை, பிசப்பூர்ப் படையெடுப்புகளால் தஞ்சைப் பகுதி சீரழிந்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் 8,000 முதல் 10,000 வரையிலானோர் வாங்கப்பட்டனர் என்றும், அவர்களுள் பெரும்பகுதியினர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர் என்றும் அவர் கணக்கிடுகிறார். அடிமை வணிகம் என்றவுடன் அட்லாண்டிக் பெருங்கடலே நினைவுக்கு வருகிறது. தமிழ்க் கரையிலிருந்து சென்ற இம்மக்கள் அந்த நினைவின் விளிம்பிற்கும் வந்து சேரவில்லை.

அவர்களுள் ஒருவரின் வாழ்க்கை ஆவணங்களில் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. கும்பினி ஏடுகள் அவரைப் பெரிய கத்ரைன் என்றும், பாலியகத்தாவைச் சேர்ந்த கத்தரீனா என்றும் குறிக்கின்றன. பாலியகத்தா என்பது பழவேற்காடு. பெற்றோர் இட்ட பெயர் அவ்வேடுகளில் இல்லை. அவர் பத்தாவியாவில் அடிமையாக இருந்தார். தம்மைத் தாக்கிய ஆண் ஒருவரின் சாவுக்குக் காரணமானார் என 1656இல் அங்கு விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். 1657இல் ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள நன்னம்பிக்கை முனைக்கு நாடுகடத்தப்பட்டார். அக்குடியேற்றத்திற்கு அனுப்பப்பட்ட கைதிகளுள் ஆவணங்களில் பதிவான முதற்பெண் அவர். அங்குக் குடியேற்றத் தலைவர்களின் வீட்டில் துணி வெளுக்கும் பணி செய்தார். பின்னர் விடுதலை பெற்று, வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தோனி என்பவரை 1671இல் மணந்தார். அதற்கு முன் ஒரு படைவீரர் வழியாக அவருக்குப் பிறந்த மகன் கிறிஸ்தோபல் ஸ்னைமன். தென்னாப்பிரிக்காவில் இன்று பரவலாக உள்ள ஸ்னைமன் குடியின் முன்னோர் இவரே.

கத்ரைன் வாழ்ந்த காலமும் பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் சிறந்த சிற்பக்கற்கள் நடப்பட்ட காலமும் ஒன்றே. ஒரே ஊர், ஒரே கும்பினி, ஒரே தலைமுறை. இங்கு இறந்தோர்க்கு இங்குக் கல் உண்டு. இங்குப் பிறந்து வேறிடத்தில் இறக்கும்படி அனுப்பப்பட்டோர்க்குக் கல்லும் இல்லை, அறிவிப்புப் பலகையில் ஒரு சொல்லும் இல்லை.

கிளிஞ்சலும் சுண்ணாம்பும்

கல்லறை மண்டபங்களின் பலகைக்கற்களைப் பற்றி எழுதியோர் பலர். அம்மண்டபங்களின் செங்கல்லைப் பிணைத்து, மேற்பூச்சாகி, நூற்றாண்டுகளின் உப்புக்காற்றைத் தாங்கிய சுண்ணாம்பைப் பற்றிய கவனம் குறைவு. கற்சுண்ணாம்பு அரிதான கடற்கரைகளில் கட்டுமானத்திற்கு உயிர்நாடியாக இருந்தது கிளிஞ்சல். பழவேற்காடு ஏரியின் அடிமண்ணில் மாண்ட சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. அவற்றை வாரிக் கழுவி, காளவாயில் கரியுடன் அடுக்கிச் சுட்டு, நீர் தெளித்து நீற்றினால் வெண்பொடி கிடைக்கும். மணலோடு சேர்த்து அரைத்தால் சாந்து. நன்கு வடித்து இழைத்தால் பளிங்கு போல் மின்னும் மேற்பூச்சு. வெற்றிலையோடு உண்ணவும் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கவும் பயன்பட்டதும் இதுவே.

சுண்ணாம்புக்குளம் என்னும் ஊர்ப்பெயர் இந்தத் தொழிலுலகைச் சுட்டி நிற்கிறது. ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஏரியின் படிவும் ஊரின் பெயரும் ஒத்து நிற்கும்போது அச்சான்றைத் தள்ளிவிடுவதும் முறையாகாது. ஏரியில் கிளிஞ்சல் வாரியோரும் காளவாய் மூட்டியோரும் தம் கையால் ஆக்கிய பொருளில் தம் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. அவர்களுடைய பெயர் ஊருக்கு வாய்த்தது, ஆளுக்கு வாய்க்கவில்லை.

இதே நிலையைக் கோட்டைக்குப்பம் என்னும் மீனவர் ஊர்ப்பெயரிலும் காணலாம். இடிந்த கோட்டை அப்பெயரில் இன்னும் நிற்கிறது. கோட்டைக்குப்பம் உள்ளிட்ட ஏரிக்கரை ஊர்களில் மீன்பிடி இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ என்னும் முறை வழங்குகிறது. வலை கட்டும் இடங்கள் இன்னின்னாருக்கு இன்னின்ன நாளில் என்று குலுக்கல் வழியாகவும் முறைவைத்தும் ஒதுக்கப்படுகின்றன. வளம் மிக்க இடம் ஒருவரிடமே தங்கிவிடாமல் சுற்றி வருகிறது. எழுதிய சட்டத்தைவிடக் கட்டுப்பாட்டை நம்பி இயங்கும் இந்த நீர்நில உரிமை, இவ்வட்டாரத்தின் பெரும் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்று. ஒளிப்படத்தில் அடங்காதது என்பதால் கையேட்டில் இடம்பெறவில்லை போலும்.

ஏரியில் பார்வையாளர்

தமிழ்நாட்டுப் பகுதி ஏரி 1980இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகளைக் காணவும் முகத்துவாரம் வரை படகில் செல்லவும் சென்னையிலிருந்து மக்கள் வரலாயினர். மீனவர்களுக்கு மீன் குறைந்த நாட்களில் படகுச் சவாரி ஒரு வருவாய். 2011 டிசம்பர் 25 அன்று பார்வையாளர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. மீன்பிடிப் படகு எத்தனை பேரைத் தாங்கும், முகத்துவார நீரோட்டம் எந்த நேரத்தில் எப்படித் திரும்பும் என்பவை ஏரி மக்களின் அறிவு. பார்வையிடுதல் பெருகிய வேகத்தில் அவ்வறிவை முறைப்படுத்தும் ஏற்பாடு பெருகவில்லை. ஏரி மக்களைப் பொருட்படுத்தாத பட்டியல் வெறும் அறிவுக்குறை மட்டுமன்று என்பதற்கு இந்நிகழ்வு துயரமான சான்று.

மறுகரையில் நிகழ்ந்தவை

காட்சிப் பட்டியல்கள் மாறாதவை அல்ல என்பதை நெதர்லாந்தே அண்மையில் காட்டியுள்ளது. கூன் பிறந்த ஊரான ஹோர்னில் 1893இல் நிறுவப்பட்ட அவருடைய சிலை இன்றும் நிற்கிறது. ஆனால் பண்டாவில் அவர் செய்த வன்முறையைக் கூறும் புதிய வாசகம் 2012இல் அதன் பீடத்தில் சேர்க்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் 2021இல் அடிமைமுறையைப் பொருளாகக் கொண்ட கண்காட்சியை நடத்தியது; அட்லாண்டிக் பகுதியோடு ஆசியப் பகுதியும் அதில் இடம்பெற்றது. 2022 டிசம்பர் 19 அன்று தலைமை அமைச்சர் மார்க் ரூட்டேயும், 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லம் அலெக்சாந்தரும் அடிமை வணிகத்திற்காக மன்னிப்புக் கோரினர். கேப் டவுனில் கும்பினி தன் அடிமைகளை அடைத்துவைத்த 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம் இன்று அவர்களின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகமாக உள்ளது. அங்குச் செல்வோர் வங்காளம், மலபார், சோழமண்டலம் என்னும் இந்தியக் கரைகளின் பெயர்களை அறிந்து திரும்புகின்றனர்.

பழவேற்காட்டில் இத்தகைய மாற்றத்திற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கும்பினியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அப்பதிவுக்கு விண்ணப்பித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. தி ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் சோழமண்டலக் கடிதங்கள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து மொழியைக் கற்ற தமிழ் ஆய்வாளர் சிலரேனும் உருவானால் நெசவூர்களின் பெயர்களும், முன்பணக் கணக்குகளும், கப்பலேற்றப்பட்டோரின் எண்ணிக்கையும் தமிழிலேயே வாசிக்கக் கிடைக்கும். ஊர்ப்பெயர் ஆய்வும் ‘பாடு’ முறையின் வாய்மொழி வரலாறும் அதற்குத் துணைநிற்கும். அதற்கு முன்பே, கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூடுகளுக்கு அருகே ஒரு பலகை வைக்க இயலும்: இவ்வூரில் பிறந்து, பத்தாவியாவுக்கு அடிமையாகவும் அங்கிருந்து நன்னம்பிக்கை முனைக்குக் கைதியாகவும் அனுப்பப்பட்ட ஒரு பெண், அங்கு ஏடுகளில் பாலியகத்தா என்னும் ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டார் என்று.